திறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு மிரர்: மலையில் ஓட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் கூரையில்லாத, எடை குறைந்த இரண்டு இருக்கைக் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். 1957-இல் வந்த லோட்டஸ் செவன் பாணியில் அலிபாக்கில் செய்த சின்காரா ரோட்ஸ்டர், கோவாவில் செய்த சான் ஸ்டார்ம், பழைய பிரிட்டிஷ் வண்டிகள் இப்படி. குன்னூரில் யார் வண்டியைப் பார்த்தாலும் பேச்சு கடைசியில் மிரரில்தான் வந்து நிற்கிறது. திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஏற்கெனவே பதிவாகி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

கூரையே இல்லாத வண்டி. தலையைத் திருப்பினா பின்னாடி எல்லாம் தெரியுது. மிரர் எதுக்குங்க?

நிற்கும் வண்டியில் எல்லாம் தெரியும். ஓடும் வண்டியில், அதுவும் மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தலையைத் திருப்ப நேரம் கிடையாது. 36 கி.மீ. வேகத்தில் போகிறவர் ஒரே ஒரு நொடி திரும்பிப் பார்த்தாலும் வண்டி பத்து மீட்டர் போய்விடும். வளைவின் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்று, இந்த வண்டிகள் மிகத் தாழ்வானவை. ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். சீட் பெல்ட் போட்டுக்கொண்டு திரும்பினால் ரோல் பாரும் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் கம்பி வளைவு) பக்கத்தில் இருப்பவரின் தோளும்தான் கண்ணில் படும். பின்னால் வரும் பஸ் டிரைவருக்கும் நீங்கள் அவ்வளவாகத் தெரிய மாட்டீர்கள். அவர் நம்மைப் பார்த்துக்கொள்வார் என்று நம்பாமல், நாம்தான் அவரைப் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

சட்டப்படி எத்தனை மிரர் வேணும்? ஆர்.டி.ஓ.-ல மாத்தினது பிரச்சனை ஆகுமா?

மிரருக்கென்று இந்தியத் தரநிலைகள் இருக்கின்றன. ஏஐஎஸ்-001 மிரரின் தரத்தைச் சொல்கிறது, ஏஐஎஸ்-002 அதைப் பொருத்தும் முறையைச் சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஒரு மிரரைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை மாட்டுவது அந்த வகையில் வராது. ஆனால் மிரரே இல்லாமல் ஓட்டினால் சோதனையில் நிறுத்தப்படுவீர்கள். பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதும் அதை முதலில் பார்ப்பார்கள்.

என் கணக்கில் மலைக்கு மூன்றும் வேண்டும்: வலது, இடது, நடு. இரண்டு போதும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இடது பக்கத்தைத்தான் விடுகிறார்கள். நம் சாலைகளில் வடிகாலும் தடுப்புக் கல்லும் இருக்கும் பக்கம் அதுதான்.

எங்க மாட்டினா நல்லது?

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், அப்புறம் மிரரைத் தேடுங்கள். பெரும்பாலோர் அழகான மிரரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு இடம் தேடுகிறார்கள். நல்ல இடம் விண்ட்ஸ்கிரீனின் பக்கவாட்டுத் தூண். செவன் வகை வண்டிகளில் அது உறுதியான அலுமினியம். ஏற்கெனவே உள்ள திருகைக் கழற்றிவிட்டு, அதே துளையில் கொஞ்சம் நீளமான திருகு போட்டு பிராக்கெட்டைப் பிடிக்கலாம். புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. கண்ணிலிருந்து அறுபது, எழுபது செ.மீ. தூரத்தில் வரும், பார்வையை அதிகம் திருப்ப வேண்டாம்.

கதவின் மேல் மாட்டினால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் செவன் வகைக் கதவு ரெக்சின் துணியும் பிளாஸ்டிக் ஜன்னலும்தான். வெயில் வந்ததும் கதவைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவீர்கள், மிரரும் வீட்டில் இருந்துவிடும். தூணில் மாட்டுவதிலும் ஒரு குறை உண்டு. கதவு போட்டிருக்கும் நாளில் அந்தப் பிளாஸ்டிக் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் மஞ்சளித்திருந்தால் அதைத்தான் மாற்ற வேண்டும், மிரரின் இடத்தை அல்ல. முன் மட்கார்டின் மேல் வைப்பது வேண்டாம். அவ்வளவு தூரத்தில் பின்னால் வருவது லாரியா ஜீப்பா என்றே தெரியாது.

துளை போடும் முன் மாஸ்கிங் டேப்பும் தெர்மோகோல் துண்டும் வைத்து மிரரைத் தற்காலிகமாக ஒட்டி, உட்கார்ந்து பாருங்கள். திறந்த வண்டியில் உங்கள் முழங்கையும் தோளுமே மிரரை மறைக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பிய நிலையிலும் பார்க்க வேண்டும். பின் மட்கார்டைத் தாண்டிப் பார்வை போகும் அளவுக்கு மிரர் வெளியே நின்றால் போதும், அதற்கு மேல் நீட்ட வேண்டாம்.

வட்டமா, செவ்வகமா? என்ன சைஸ்?

சமவெளியில் கேட்டால் அகலமான செவ்வகம் என்று சொல்வேன். மலையில் உயரம்தான் முக்கியம். கொண்டை ஊசியில் உங்கள் வண்டி மேல் சாலைக்கு வந்திருக்கும்போது பின்னால் வரும் வண்டி பதினைந்து மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கும் கீழே நிற்கும். அறுபது செ.மீ. தூரத்தில் உள்ள ஐந்து செ.மீ. உயரத் தட்டைக் கண்ணாடியில் அந்தத் தூரத்தில் 1.3 மீட்டர் உயரம்தான் தெரியும். சாலை தெரியும், வண்டி தெரியாது. அல்லது வண்டியின் கூரை மட்டும் தெரியும்.

பத்து செ.மீ. விட்டமுள்ள வட்ட மிரரில் அதே இடத்தில் 2.6 மீட்டர் தெரியும். அதனால்தான் ரேஸ் காரில் வருவது போன்ற ஒல்லியான மிரர்களை இந்தச் சாலைகளுக்கு வேண்டாம் என்கிறேன். ரேஸ் டிராக் மட்டம், நம் சாலை அப்படியில்லை. வட்டம் பிடிக்காதவர்கள் சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் செவ்வகம் வாங்குங்கள்.

தட்டைக் கண்ணாடி போடணுமா, குவி ஆடியா? ஒவ்வொருத்தர் ஒவ்வொன்னு சொல்றாங்க.

இரண்டு பக்கத்துக்கும் வெளிப்பக்கம் புடைத்த குவி ஆடி, நடுவில் தட்டை. காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். பத்து செ.மீ. அகலத் தட்டைக் கண்ணாடி கண்ணிலிருந்து அறுபது செ.மீ. தூரத்தில் இருந்தால், இருபது மீட்டர் பின்னால் சுமார் மூன்றரை மீட்டர் அகலம் தெரியும். அதாவது சாலையின் ஒரு லேன். வளைவு ஆரம் 1200 மி.மீ. உள்ள குவி ஆடியில் கிட்டத்தட்ட ஏழு மீட்டர் தெரியும், இரண்டு லேனும் வந்துவிடும். இடது பக்க மிரர் கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருப்பதால் வித்தியாசம் இன்னும் கூடும். தட்டையில் இரண்டு மீட்டர் சொச்சம், குவி ஆடியில் ஐந்து மீட்டருக்கு மேல்.

இதற்குக் கொடுக்கும் விலை, உருவம் பாதியாகச் சிறுத்துத் தெரிவது. இருபது மீட்டரில் இருக்கும் பஸ் நாற்பது மீட்டரில் இருப்பது போலத் தோன்றும். அதனால் பக்க மிரரைப் பார்த்துத் தூரத்தை முடிவு செய்யாதீர்கள். பக்க மிரர் 'ஏதாவது வருகிறதா' என்பதற்கு, நடு மிரர் 'எவ்வளவு தூரத்தில்' என்பதற்கு. 1200-ஐ விடக் குறைந்த ஆரமுள்ள, நன்றாகப் புடைத்த கண்ணாடிகள் மலிவுக் கடைகளில் கிடைக்கும். அவற்றில் எல்லாமே தூரத்தில் தெரியும், வாங்காதீர்கள். வாங்கும் இடத்தில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம்: நேரான ஸ்கேலை மிரரில் காட்டிப் பாருங்கள். வளைவு ஒரே சீராக இருந்தால் நல்லது, நடுவில் நெளிந்தால் தரம் குறைந்தது.

புல்லட் மிரர் போட்டுக்கலாமா? ஜீப் மிரர்?

புல்லட் பைக்கின் மிரர் நல்ல தேர்வுதான், வட்டம், சுலபமாகக் கிடைக்கும். நம் ஊர் பைக் மிரர் தண்டுகளில் பரவலாக இருப்பது 10 மி.மீ. விட்டம், 1.25 பிட்ச் மரை. லேத் பட்டறையில் அதற்கேற்ற பிராக்கெட்டைச் செய்யச் சொல்லலாம். கோவை கணபதிப் பக்கம் இப்படிச் சின்ன வேலை எடுக்கும் பட்டறைகள் நிறைய. யமஹா மிரராக இருந்தால் வலது பக்கத்துக்கு எதிர்மரை (எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்குவது) வரும், கவனித்து வாங்குங்கள். தண்டை மட்டும் பாதியாக வெட்டிக் குட்டையாக்க வேண்டும், காரணம் கீழே அதிர்வுக் கேள்வியில் இருக்கிறது.

ஜீப்பின் நீளக் கை மிரர் இந்த வண்டிகளுக்கு ஆகாது. பழைய கார் மிரர் தேடுபவர்கள் சென்னை புதுப்பேட்டையில் பார்க்கலாம். ஆனால் பழைய கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பு படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அது நடுவரைக்கும் வந்துவிடும்.

நடு மிரரை விண்ட்ஸ்கிரீன்ல ஒட்டினேன், ரெண்டு தடவை விழுந்துடுச்சு.

குளிர்ந்த கண்ணாடியில் பசை பிடிக்காது. ஊட்டியில் காலை எட்டு மணிக்கு ஒட்டினால் இப்படித்தான் ஆகும். நல்ல வெயில் நாளில், கண்ணாடி கையில் இளஞ்சூடாகத் தெரியும் நேரத்தில், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் தொடாமல் விடுங்கள். மேட்டுப்பாளையம் போகும் வேலை இருந்தால் அங்கேயே ஒட்டிவிடலாம், இன்னும் நல்லது.

ஆனால் அங்கே ஒட்டுவது சரிதானா என்று யோசியுங்கள். இந்த வண்டிகளின் விண்ட்ஸ்கிரீன் குட்டை. மேலிருந்து தொங்கும் மிரர் சரியாக ஓட்டுபவரின் கண் மட்டத்தில் வரும். இடப்பக்கம் திரும்பி ஏறும் வளைவில், மேலிருந்து இறங்கும் வண்டி தெரிய வேண்டிய இடத்தை அது மறைக்கிறது. உயரமானவர்களுக்கு இன்னும் மோசம். டேஷ்போர்டின் மேலிருந்து குட்டைத் தண்டில் நிற்கும்படி வைத்தால் அது மறைப்பது உங்கள் பானெட்டை மட்டும்தான். ரோல் பாரின் குறுக்குக் கம்பிக்குக் கீழாகப் பார்வை போகிறதா என்றும் பாருங்கள்.

ஃபைபர் பாடில ஓட்டை போட பயமா இருக்கு. வெடிச்சிடுமா?

அவசரப்பட்டால் வெடிக்கும். துளை போடும் இடத்தில் டேப் ஒட்டி அதன் மேல் குறியிடுங்கள். பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டாதீர்கள், மேல் பூச்சில் நட்சத்திரம் போல விரிசல் விடும். மேல் பூச்சைத் தாண்டும் வரை டிரில்லைப் பின்பக்கமாகச் சுழலவிட்டு, அப்புறம் முன்பக்கமாக ஓட்டுங்கள். 3 மி.மீ.யில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். மூக்கை மூடிக்கொள்வது அவசியம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

உள்பக்கம் 3 மி.மீ. அலுமினியத் தகடு, உள்ளங்கையில் பாதி அளவாவது, வைக்காமல் மாட்டாதீர்கள். மிரரின் கனத்தைத் தாங்க வேண்டியது அந்தத் தகடுதான். துளைக்குள் ஒரு உலோகக் குழாய்த் துண்டு போட்டால் போல்ட்டை இறுக்கும்போது ஃபைபர் நசுங்காது. வெளியே மெல்லிய ரப்பர், உள்ளே அகல வாஷர், நைலாக் நட். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட் நேராக அலுமினியத்தைத் தொட்டால் மழைக்காலத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும், நடுவில் நைலான் வாஷர் போடுங்கள். அலுமினியப் பாடிக்கும் இதே முறைதான்.

எவ்வளவு இறுக்கினாலும் மிரர் அதிருது. ஒன்னுமே தெரியலை. என்னதான் பண்றது?

இது மிகப் பழைய தொந்தரவு. 1911-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹாரூன் காரில் மிரர் மாட்டிக்கொண்டு ஓட்டி ஜெயித்தார். செங்கல் பாவிய அந்த டிராக்கின் குலுக்கலில் மிரரில் எதுவும் தெரியவில்லை என்று அவரே பிற்பாடு சொன்னதாக வழங்குகிறது. இறுக்குவதற்கு முன் எது அதிர்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வண்டியை மட்டமான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் மெதுவாக 4000 ஆர்.பி.எம். (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்று) வரை ஆக்ஸிலரேட்டரை ஏற்றுங்கள். இன்னொருவர் முதலில் மிரரின் தலையிலும், பிறகு தண்டின் அடியிலும், கடைசியாகப் பாடியிலும் விரலை வைக்கட்டும். தலையில் வைத்ததும் உருவம் நின்றுவிட்டால் குறை தண்டில். பாடியில் கை வைத்தால்தான் நிற்கிறது என்றால் பாடித் தகடு மெலிது, மேலே சொன்ன உள்தகடு வேண்டும். எந்த வேகத்திலும் மங்காமல் பள்ளத்தில் மட்டும் ஆடினால் தண்டும் தலையும் சேரும் முட்டு தளர்ந்திருக்கிறது. நிற்கும்போது தெளிவாக இருந்து அறுபதுக்கு மேல் மட்டும் ஆடினால் அது காற்று, மிரரின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்.

குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் மங்கினால் எஞ்சினின் அதிர்வும் தண்டின் இயல்பான ஆட்டமும் ஒத்துப்போகின்றன என்று பொருள். நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு நூறு முறை அதிர்வை அனுப்பும். மலை ஏறும்போது இரண்டாவது கியரில் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருப்போம். தண்டின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும், அதிர்வு ஒத்துப்போகும் இடம் எஞ்சினின் வழக்கமான வேகத்துக்கு மேலே தள்ளிப்போகும். வெட்ட முடியாத தண்டாக இருந்தால் எதிர்வழியில் போகலாம். மிரரின் ஓட்டுக்குள் (கண்ணாடியைத் தாங்கும் கூடு) வீல் பேலன்சிங் எடைத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். தலை கனத்தால் ஒத்துப்போகும் இடம் கீழே இறங்கும். எத்தனையோ பேரின் புலம்பல் ஐம்பது கிராமில் தீர்ந்திருக்கிறது.

எடை குறைக்கத்தானே இந்த வண்டி, அதில கனத்தை ஏத்தச் சொல்றீங்களே?

ஐந்நூறு, அறுநூறு கிலோ வண்டியில் ஐம்பது கிராம் கணக்கில் வராது. பின்னால் வருவது தெரியாத வண்டியை வேகமாக ஓட்ட முடியாது.

மாட்டியாச்சு. எப்படி செட் பண்றது?

வழக்கமாக உட்காரும் நிலையில், பெல்ட் போட்டு, பக்கத்தில் ஆளையும் உட்கார வைத்துக்கொண்டு செட் செய்யுங்கள். தாழ்வான வண்டியில் ஒரு ஆளின் எடைக்கே பின்பக்கம் இறங்கும். ஊட்டி ரேஸ்கோர்ஸைச் சுற்றிய சாலை போல மட்டமான இடம் வேண்டும். சரிவில் நின்று செட் செய்தால் எல்லாம் தப்பாக வரும்.

வலது மிரரின் உள் ஓரத்தில் பின் மட்கார்டு ஒரு கோடு போலத் தெரிந்தால் போதும். இடது மிரரைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். பின் சக்கரமும் சாலை ஓரமும் கீழ்ப் பகுதியில் தெரிய வேண்டும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும். அதற்காகப் பின்னோக்கி எடுக்கும்போது வடிகாலில் சக்கரம் இறங்காமல் காப்பது அந்தக் கீழ்ப் பகுதிதான்.

ஏறும்போது நல்லா தெரியுது. கல்லட்டியில இறங்கும்போது மட்டும் பின்னாடி வர்றது தெரியறதே இல்லை. ஏன்?

ஒரே சரிவில் இரண்டு வண்டியும் இருந்தால் எந்த வித்தியாசமும் இருக்காது. பிரச்சனை வளைவில், சரிவு மாறும் இடத்தில். ஏறும்போது பின்னால் வருபவர் உங்களுக்குக் கீழே இருப்பார். சாலையின் பின்னணியில் அவர் வண்டி பளிச்சென்று தெரியும். இறங்கும்போது அவர் மேலே இருப்பார், தட்டையான நடு மிரரின் மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விடுவார். அங்கே வானமும் யூகலிப்டஸ் நிழலும் சேர்ந்து கண்ணைக் கூசவும் வைக்கும்.

ஊட்டியிலிருந்து மசினகுடி வரை 36 வளைவுகள் உள்ள அந்த இறக்கத்துக்குத் தனிவழி ஒன்றும் இல்லை. வட்ட மிரர் பற்றிய பதிலில் சொன்ன உயரம்தான் இங்கேயும் வேலை செய்யும். ஒல்லி மிரர் வைத்திருப்பவர்கள் இறங்குவதற்கு முன் நடு மிரரை ஒரு நூல் மேலே திருப்பிவிட்டுக் கிளம்பலாம். மட்டமான இடம் வந்ததும் பழையபடி வைத்துவிட வேண்டும்.

மூடுபனியில, மழையில மிரர் முழுக்க துளி. துடைச்சுத் துடைச்சு அலுத்துட்டேன்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும், நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியிலும் இது தினசரி வேலை. கார் மெழுகைக் கண்ணாடியில் மெலிதாகத் தேய்த்துப் பளபளக்கத் துடைத்துவிட்டால் துளி நிற்காமல் உருண்டு ஓடும். ஆனால் நுண்ணிய மூடுபனிக்கு மெழுகு அவ்வளவாக உதவாது. அதற்குச் சூடேற்றும் பட்டைதான் சரியான வழி. 12 வோல்ட்டில் ஓடும், மிரரின் பின்னால் ஒட்டும் மெல்லிய பட்டை. ஒன்றுக்கு ஓர் ஆம்பியர், ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். தனி ஃபியூஸ், தனி சுவிட்ச் வையுங்கள்.

மார்கழி, தையில் உறைபனி படர்ந்த காலையில் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். இரவிலேயே துணி உறை போட்டு வையுங்கள்.

மலைக் குரங்குங்க மிரரைப் பிடுங்குது. ஏதாவது வழி இருக்கா?

மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகள் நிற்கும் இடங்களில் குரங்கு மிரரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு இழுக்கும். அதே துணி உறை இதற்கும் போதும். பிளாஸ்டிக் பை மாட்டாதீர்கள், மாவட்டத்தில் தடை இருக்கிறது, குரங்கு அதைத் தின்றும் விடும். மடங்கும் கணு உள்ள மிரராக இருந்தால் உடையாது. சந்தைக் கூட்டத்தில் யார் மேலாவது இடித்தாலும் அது மடங்கிக்கொள்ளும், விறைப்பான தண்டு காயப்படுத்தும். எஸ்டேட் சாலையில் தேயிலைச் செடியில் உரசும்போதும் இதே பலன்.

அமெரிக்காவில இருந்து மாமா ஜோடி மிரர் கொண்டு வந்தார். மாட்டினா ஏதோ சரியில்லை.

அமெரிக்க விதிப்படி ஓட்டுபவர் பக்க மிரர் தட்டையாக இருக்க வேண்டும். அங்கே ஓட்டுபவர் இடது பக்கம். அந்த ஜோடியை இங்கே மாட்டினால் தட்டை மிரர் உங்களிடமிருந்து தள்ளி, பக்கத்து இருக்கை ஓரத்துக்குப் போய்விடும். மேலே போட்ட கணக்குப்படி அதில் இரண்டு மீட்டர் அகலம்தான் தெரியும். மிரரின் ஓடு அழகாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இடது கண்ணாடியை மட்டும் குவி ஆடியாக வெட்டி மாற்றச் சொல்லுங்கள். பிரிட்டனிலிருந்து வருவதில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கேயும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டியரிங்.

ராத்திரி பஸ் பின்னாடி வந்தா மூணு மிரரும் கண்ணைக் குத்துது. கேமரா வச்சுட்டா தீருமா?

பஸ்ஸின் ஹெட்லைட் உங்கள் கண் மட்டத்திலேயே இருப்பதால் இந்த வண்டிகளில் கூச்சம் அதிகம். நடு மிரருக்கு இரவு–பகல் நெம்பு உள்ளதை வாங்குங்கள், அது ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்க்கும். பக்க மிரர் குவி ஆடியாக இருந்தால் வெளிச்சம் பரவி, கூச்சம் தானாகவே குறையும். லேசான நீலச் சாயக் கண்ணாடியும் கிடைக்கிறது. ஆனால் மூடுபனி நாளில் அதில் எதுவும் தெரியாது, நான் பரிந்துரைப்பதில்லை.

கேமரா பின்னோக்கி எடுக்க உதவும், அவ்வளவுதான். திறந்த வண்டியில் பகல் வெயிலில் திரை வெளிறிவிடும், மழையில் லென்ஸில் ஒரு துளி நின்றால் படம் போய்விடும். வேண்டுமானால் மூன்று மிரரோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வைக்காதீர்கள்.